வளவும் கல்வியும்

மட்டக்களப்பு நாட்டிலே வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் செல்வது தொன்றுதொட்டு வந்த வழக்கு. வளவு பெண்ணுக்கு, ஏடு ஆணுக்கு என எவரும் விதி வகுத்தாரல்லர். எனினும் நெடுங்காலம் நடைமுறை அவ்வாறே இருந்தது. அதனாலே தோட்டமிடல், கோழி வளர்த்தல், பாய் இழைத்தல், நூல் பின்னல் என நம் தாய்மார் அறிந்தவையெல்லாம் பாடசாலை வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டன. “படிக்கிற பிள்ளை மண்ணிலே கை வைக்கலாமா?” என்னும் பேச்சு இன்றும் ஓயவில்லை. அப்பேச்சு நமக்கு உடன்பாடன்று. அவையும் கல்வியே; ஆண்பிள்ளைகளுக்கும் உரிய கல்வியே.

எழுவான்கரை வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்நிலம். ஊற்றிய நீரும் நில்லாது. இட்ட பசளையும் நில்லாது. கோடை முற்றினால் சில கிணறுகள் உவர்க்கும். இந்நிலத்திலே கத்தரியும் வெண்டியும் பயிற்றையும் காய்க்கச் செய்தவர் கல்லாதவரா? சருகும் சாம்பலும் மாட்டெருவும் சேர்த்து மணலுக்கு ஈரம் பிடிக்கும் குணத்தை அளித்தனர். பச்சைக் கோழியெரு செடியைக் கருக்கும் என அறிந்து, அதனை மக்கவைத்து இட்டனர். மாரி பிடிக்குமுன் பாத்தியை உயர்த்தினர். பாத்திரம் கழுவிய நீரும் வீண்போகாது வாழைக்குச் சென்றது.

கோழியின் செய்தியும் இத்தகையதே. அடைவைத்த முட்டையை விளக்கொளியிலே பிடித்துக் கருக்கூடியதா கூழ்முட்டையா எனத் தெரிந்து, 21 நாளையும் எண்ணியிருந்து, குஞ்சுகளைப் பருந்துக்கும் கீரிக்கும் தப்புவித்துக் கறையான் ஊட்டி வளர்த்தல் சிறிய அறிவன்று. முட்டை விற்ற காசிலே கொப்பி வாங்கிப் படித்தோர் இம்மலரைப் படிப்போருள்ளும் இருத்தல் கூடும். அக்காசு எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை.

இக்கருத்து புதியதன்று. 1937 ஆம் ஆண்டிலே காந்தியடிகள் வார்தாவில் ஆதாரக் கல்வியை எடுத்துரைத்தபோது கைத்தொழிலையே கல்வியின் நடுவில் வைத்தார். நம் நாட்டிலே 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழின்முன்னிலைப் பாடங்களைப் புகுத்திற்று. அவற்றை இரண்டாந்தரக் கல்வியென எண்ணியோர் பலர். 1977 இல் ஆட்சி மாறியபின் அவை கைவிடப்பட்டன. பின்னர் 2022 இலே எரிபொருளும் உணவும் அரிதாகியபோது, பயிர்செய்யுமாறு அரசாங்க அலுவலர்க்கு மூன்று மாதகாலம் வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை இணங்கிற்று. விதைத்த கத்தரி காய்ப்பதற்கே ஏறத்தாழ மூன்று மாதம் செல்லும். கத்தரி வர்த்தமானி படித்துக் காய்ப்பதில்லையே! நெருக்கடி வந்தபின் மண்வெட்டி தேடுவோர்க்கு மண் உடனே விளைந்து கொடாது.

பின்னலைப் பெண்களுக்கு மட்டும் உரியதாக்குவோர் வாவிக்கரைக்குச் சென்று பார்க்கட்டும். கிழிந்த வலையைப் பொத்தும் ஆடவரின் விரல்கள் செய்வதும் பின்னலே. முதலாம் உலகப்போர்க் காலத்திலே, 1917, 1918 ஆம் ஆண்டுகளில், அமெரிக்கப் பாடசாலைச் சிறுவரும் சிறுமியரும் செஞ்சிலுவைச் சங்கத்துக்காகக் கம்பளி பின்னினர். கண்ணியொன்றை எண்ணத் தவறின் பிழை அடுத்த வரியிலேயே தெரிந்துவிடும். நம் சிவப்பு மைக்காகக் காத்திராது. இவ்வெப்பநாட்டிலே கம்பளி எதற்கு எனின், பருத்திநூலிலே பையும் மேசைவிரிப்பும் பின்னலாம். கம்பளி கனடாவிலும் நோர்வேயிலும் குளிர்காயும் பழைய மாணவர்க்கு உதவட்டும்.

அவ்வன்பர்களுக்கு ஒரு சொல். நீங்கள் அன்போடு அனுப்பும் பணத்தாலே ஊரிலே நல்ல வீடுகள் எழுகின்றன, மகிழ்ச்சியே. ஆனால் மதிலிலிருந்து மதில்வரை முற்றத்துக்குச் சீமெந்துக்கல் பதிக்கின்றனர். முருங்கை நட ஒரு முழ மண்ணும் இல்லை. கோழி கிளறவும் இடமில்லை. வளவு கொடுத்தோம் என்று சொல்லி மகளுக்குக் கற்பரப்பையே கொடுக்கின்றோம். மழைநீர் மண்ணுள் இறங்காது தெருவிலே தேங்குவதையும் காண்கின்றோம்.

கல்லூரியிலும் இவ்வாறு நிகழாதிருத்தல் வேண்டும். யூபிலி நிதியிலே கட்டடம் எழுப்புக. கிணற்றடியை அண்டிய நிலத்தை மட்டும் மண்ணாகவே விடுக. 6 ஆம் தரம் முதல் 9 ஆம் தரம் வரையுள்ள பிள்ளைகளுக்கு வாரத்தில் இரு பாடவேளை அங்கே கழியட்டும். அதற்குப் பரீட்சை வேண்டாம்; பிரதம விருந்தினர் வந்து பார்க்கும் கண்காட்சியும் வேண்டாம். காய்த்ததைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டு செல்லட்டும். பிள்ளை கொணர்ந்த பயிற்றங்காயைத் தாய் கையிலெடுத்துக் குறை சொல்வாளாயின், அக்குறையும் அவனுக்கு ஒரு பாடமாகும்.

விடுமுறையிலே கோழிக்கு இரையிடுபவர் யார் எனக் கேட்பர். நியாயமான கேள்வி. தாய்க்கு அவ்வேலையில் விடுமுறையே இல்லை என்பதை நம் மாணவர் அப்போதாவது அறிவர். முறைவைத்து வரட்டும்; முதலாம் வாரத்தை ஆசிரியராகிய நாமே ஏற்கின்றோம்.