புகையும் ஓர் அமானிதமே

1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாற்று அணையின் நீர், லோயர் கேம்பில் இறங்கி மின்னாகிறது; பின்னர்க் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைக்கிறது. அங்கே புகையில்லை. ஆயினும் நம் வீட்டு விளக்குகள் அந்நீரால் மட்டும் எரிவன அல்ல. இந்திய மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே பிறக்கிறது.

அப்புகையிலுள்ள கரியமில வாயுவைப் பிரித்து ஆழ்நிலப் பாறைகளில் சேமிக்கலாம் என்கிறது அறிவியல். 2022இல் நிதி ஆயோக் இதற்கெனக் கொள்கை அறிக்கையும் வெளியிட்டது. நம் தூத்துக்குடியிலேயே ஓர் இரசாயன ஆலையில், நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிரித்துச் சோடா சாம்பல் ஆக்கும் திட்டம் 2016இல் தொடங்கியது. பாராட்டத்தக்க முயற்சியே. ஆனால், அச்சோடா கண்ணாடி உலையில் உருகும்போது வாயு மீண்டும் வானேறிவிடும். பிடிப்பது வேறு, காப்பது வேறு.

எனவே, திட்டமிடுவோர் மூன்று வினாக்களுக்கு முதற்கண் விடை கூறல் வேண்டும். பிரித்தெடுக்கும் பணியே நிலையத்தின் மின்சாரத்தில் ஒரு பங்கை உண்ணும். அச்செலவை ஏற்பவர் யார்? புதைத்த வாயுவைத் தலைமுறைகள் கடந்தும் கண்காணிப்பவர் யார்? எவ்வூரின் அடியில் புதைப்பது, அவ்வூரார் இசைந்தனரா? மலையைக் குடையுமுன் மக்கள் மனத்தைக் கேட்டல் வேண்டும் என்பதை, 2015இல் பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகத்திற்கு எதிராக வலுத்த குரல் உணர்த்தவில்லையா?

அமானிதத்தை ஏற்பவன் அதனைக் காக்கவும் கடமைப்பட்டவன் என்பது நாம் இளமையிலேயே கற்ற பாடம். மண்ணுக்குள் வைக்கும் புகையும் அத்தகையதே. காக்க இயலும் என்ற உறுதி பிறக்கும்வரை, காற்றாலும் கதிரவனாலும் பெறும் மின்சாரத்தைப் பெருக்குவதே அறிவுடைமை. ஆண்டிபட்டிப் பக்கம் சுழலும் காற்றாலைகள் அவ்வழியை நமக்குக் காட்டி நிற்கின்றன.