காசு கொடுத்து வாங்கும் கொழுப்பு

கொழுகொழுவென்று ஒரு குழந்தையைப் பார்த்தால் ஆரணியின் நெசவாளர் தெருக்களில் யாருக்கும் டாக்டர் ஞாபகம் வராது. "நல்லா வளர்த்திருக்கா, கண்ணு பட்டுடப் போகுது" என்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பட்டு நூல் விலை ஏறினாலும் சேலை விற்காமல் தேங்கினாலும் முதல் அடி விழுவது நெசவாளி வீட்டு அடுப்பில்தான். கஞ்சித்தொட்டி திறந்த காலங்களைப் பார்த்த பாட்டிக்கு, பேரனின் கன்னத்துச் சதை குடும்பம் பிழைத்துக்கொண்டது என்பதற்கான சாட்சி.

ஆனால் அந்தச் சதை பாட்டி ஊட்டிய பருப்பு சாதத்தில் வந்ததா? இல்லை. அதில் பெரும்பகுதி காசு கொடுத்து வாங்கியது. பள்ளிக் கட்டணம், வேன் கட்டணம், டியூஷன் ஃபீஸ், செல்போன் ரீசார்ஜ், தினமும் இரண்டு ஐந்து ரூபாய் பாக்கெட்... இவற்றை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிப் பாருங்கள். குழந்தையை நடக்க விடாமல், ஓட விடாமல், உட்கார வைத்துத் தின்ன வைப்பதற்குக் குடும்பம் மாதாமாதம் செலுத்தும் தவணை அது.

மிகையாகத் தோன்றுகிறதா? சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை பல ஆண்டுகளுக்கு முன் பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடத்தியது. அரசுப் பள்ளிகளில் அதிக எடையும் பருமனும் உள்ள பிள்ளைகள் 3.6 சதவீதம். தனியார் பள்ளிகளில் 21.4 சதவீதம்! ஏறக்குறைய ஆறு மடங்கு. ஒரே நகரம், ஒரே அரிசி, ஒரே வெயில். வித்தியாசம் பெற்றோரின் பாக்கெட்டில் இருந்தது. ஆரணி சென்னை இல்லைதான். ஆனால் சென்னையில் விற்கும் பாக்கெட் இங்கேயும் தோரணமாகத் தொங்குகிறது. கடன் வாங்கியாவது பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கும் ஆசையும் வந்துவிட்டது. வீட்டு வாசலிலேயே வேன் வந்து நிற்கிறது.

உலகமும் இதே திசையில்தான் போகிறது. 2025 செப்டம்பரில் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையின்படி, 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் பருமனானவர்கள் 9.4 சதவீதம், எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம். பருமன் எடைக் குறைவை முந்தியது இதுவே முதல் முறை. 2000-ஆம் ஆண்டில் பருமன் வெறும் 3 சதவீதமாக இருந்தது. கால் நூற்றாண்டில் மூன்று மடங்கு! இவ்வளவு சீக்கிரத்தில் உலகக் குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா? மாறியது குழந்தை இல்லை. குழந்தையைச் சுற்றியுள்ள கடையும் கடிகாரமும்.

நெசவு ஊருக்கு இதில் ஒரு பழைய கணக்கும் உண்டு. ஒரு காலத்தில் பட்டுத் தறிகளில் சிறுவர்கள் வேலை செய்தார்கள். பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் தறியோரம் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்தார்கள். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செய்த வேலைகளின் பட்டியலில் நெசவும் இருந்தது. சட்டமும் பள்ளியும் சேர்ந்து பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பின. மிக நல்ல காரியம். ஆனால் எழுப்பிய பிள்ளையை என்ன செய்தார்கள்? காலையில் வேன் சீட், பகலில் பெஞ்ச், மாலையில் டியூஷன் பாய், ராத்திரி செல்போன். தறியிலிருந்து எழுந்த பிள்ளையை மறுபடியும் உட்கார வைத்துவிட்டார்கள். இந்த முறை கையில் ஒரு பாக்கெட்டோடு.

அந்தப் பாக்கெட்டின் வணிகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்பது குழந்தையின் உள்ளங்கையில் அடங்கும் நாணயத்தை மனதில் வைத்து நிறுவனங்கள் போட்ட விலை. செலவு கூடினால் விலையை ஏற்ற மாட்டார்கள், உள்ளே இருக்கும் எடையைக் குறைப்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், மிக்சர் வகைகள், நூடுல்ஸ் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 12, 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஐந்து ரூபாய் பாக்கெட்டை நான்கரை ரூபாய்க்கு விற்க முடியுமா? அதனால் பல நிறுவனங்கள் விலையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே கிராமைக் கூட்டின. வரிச்சலுகை என்ற பெயரில் வந்தது என்ன? அதே காசுக்கு இன்னும் கொஞ்சம் உப்பு, இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் கொஞ்சம் சர்க்கரை. குளிர்பானத்துக்கு 40 சதவீத வரி போடத் தெரிந்த அரசுக்கு, கிரீம் பிஸ்கட்டில் இருப்பதும் அதே சர்க்கரைதான் என்று தெரியாதா?

பாலில் கலக்கும் பவுடர் கதை இன்னும் வேடிக்கை. 'ஹெல்த் டிரிங்க்' என்று நம்பித்தான் எத்தனையோ தாய்மார்கள் கூலிக் காசில் டப்பா வாங்கினார்கள். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவிலிருந்து நீக்கச் சொல்லி இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாதாம்! எத்தனை வருடம் கழித்து?

சரி, பள்ளிகள் என்ன செய்கின்றன? ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்களுக்கு தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. நடைமுறையில்? வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ பி.டி. பீரியட். அதையும் 'போர்ஷன் முடிக்கணும்' என்று கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தராத கடன். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் மைதானம் என்பது பைக் நிறுத்தும் இடம்.

பள்ளி வாசலுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ல் கொண்டுவந்த விதிகள் 2021 ஜூலை 1 முதல் அமலில் உள்ளன. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. ஆரணியோ வேறு எந்த ஊரோ, ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். ஐம்பது மீட்டர் வேண்டாம், ஐந்து மீட்டருக்குள் எத்தனை சரம் தொங்குகிறது என்று எண்ணுங்கள்.

இவ்வளவையும் பெரியவர்கள் செய்துவிட்டுப் பழியை யார் தலையில் போடுகிறார்கள்? 'குண்டு', 'பூசணிக்கா', 'தடியா'... வகுப்பில் வைத்த பெயர் வீடு வரை வருகிறது. விளையாட அழைத்துப் போனால் அவனை ஓரமாக உட்கார வைத்து ஸ்கோர் எழுதச் சொல்கிறார்கள். யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவனுக்குத்தான் ஓட்டம் மறுக்கப்படுகிறது! கேலிக்கு ஆளான பிள்ளை மைதானத்துக்கு வர மாட்டான். மூலையில் போய் உட்காருவான். அங்கே அவனுக்குத் துணை யார்? அதே பாக்கெட்.

"பட்டினியால் வாடும் பிள்ளைகள் இருக்கும் நாட்டில் இது பணக்காரக் கவலை" என்பார்கள் சிலர். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் அதே வயதில் அதிக எடை உள்ளவர்கள் 2.1-லிருந்து 3.4 சதவீதமாகக் கூடியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே வீட்டில், ஏன், ஒரே குழந்தையின் உடம்பில்கூட இருக்க முடியும். பாக்கெட் வயிற்றை நிரப்பும், ரத்தத்தை ஊற வைக்காது. பருமனோடு வளரும் பிள்ளைக்கு இளம் வயதிலேயே சர்க்கரை நோயும் கல்லீரலில் கொழுப்பும் வரும் அபாயம் அதிகம். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் குடும்பத்தில் அந்த மாத்திரைச் செலவு யார் தலையில் விழும்?

நெசவாளி வீட்டைக் குற்றம் சொல்வது எளிது. நாள் முழுக்கத் தறியில் ஒருவர், தார் சுற்ற ஒருவர் என்று வீடே வேலையில் இருக்கும்போது, அழும் பிள்ளையின் வாயை மூட ஐந்து ரூபாய் போதும். அந்த ஐந்து ரூபாய் வாங்கித் தருவது அரை மணி நேர அமைதி. அது புரிகிறது. ஆனால் தினம் பத்து ரூபாய் என்றால் வருடத்துக்கு 3,650 ரூபாய். அந்தப் பத்து ரூபாய்க்குள் ஒரு முட்டை வரும். மல்லாட்டைக்குப் பேர்போன மாவட்டத்தில் ஒரு கை மல்லாட்டையை வேகவைத்துக் கொடுக்க முடியாதா? ஜவ்வாது மலையில் விளையும் சாமை வெளியூர்க் கடைகளில் 'சிறுதானியம்' என்று விலை போகிறது. இங்கே பிள்ளைக்கு டிபன் பாக்ஸில் நூடுல்ஸ்!

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. வீட்டில் பாக்கெட்டும் குளிர்பானமும் வாரத்தில் ஒரு நாள் என்று ஆகட்டும், அதுவும் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து. பிள்ளைக்கு மட்டும் பத்தியம் போட்டுவிட்டு அப்பா எதிரில் உட்கார்ந்து சமோசா தின்றால் அது தண்டனை. பள்ளி நடக்கிற தூரத்தில் இருந்தால் வேனை நிறுத்துங்கள். டியூஷனுக்கு முன் ஒரு மணி நேரம் தெருவில் விளையாட விடுங்கள். பள்ளிகள் பி.டி. பீரியடைத் தொடக் கூடாது, பட்டப்பெயர் வைப்பவர் ஆசிரியரே ஆனாலும் கண்டிக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வரும் அப்பா அம்மாக்கள், "இந்த மாசம் எத்தனை பி.டி. பீரியட் நடந்தது? வாசல் கடையை ஏன் விட்டு வைத்திருக்கிறீர்கள்?" என்றும் கேட்கட்டும். கட்டணம் கட்டுகிறவருக்குக் கேட்கும் உரிமை உண்டு.

பாவு பிசகினால் சேலையைத் திட்டுவதில் பயனில்லை என்று ஆரணியில் எந்த நெசவாளியும் சொல்வார். பாவு போட்டவரைத்தான் கேட்க வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் மட்டும் அந்த நியாயம் ஏன் மறந்துபோகிறது?