இவர்கள் நம் கணக்கில் இல்லையா?



ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்காகத் திருக்கோவிலுக்கு வந்த இடத்தில் இதை எழுதுகிறேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாலும் நான் பிறந்தது இந்தக் கடற்கரையில்தான்.

என் மாமாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. யுத்தத்தில் போனது. பொய்க்காலோடு தார் ரோட்டில் சைக்கிளே ஓட்டுவார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் தெரியாது. தீர்த்தக்கரை மணலில் இறங்கினால் மட்டும் கால் புதைந்துவிடும், இரண்டு பேர் தாங்கவேண்டும். உடனே நாலா பக்கமும் "பாவம்" என்ற சத்தம். ரோட்டில் இருந்த அதே கால்தான் மணலிலும் இருக்கிறது. மாறியது தரை. ஒரு பாதை போட்டிருந்தால் மாமா தானாகவே கடலுக்குப் போய்த் தலை முழுகியிருப்பார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். யுத்தத்திலும் கடலிலும் கை கால் இழந்தவர்களைப் பார்த்து "நீ என்ன பாவம் செய்தாய்" என்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் பெத்தா வீட்டுக்குப் பக்கத்தில் பிறவியிலேயே காது கேளாத ஒரு பிள்ளை இருந்தாள். அவளுக்கு மட்டும் "முற்பிறப்புப் பலன்". அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று அவளைப் பின் அறையில் வைத்துப் பூட்டினார்கள். காது கேளாததால் அவள் அந்த அறைக்குள் போகவில்லை. பூட்டியது நாங்கள்.

இப்போது மலைக்கு வாருங்கள்.

எங்கள் மலையில் காது கேளாத ஒரு அக்கா கொழுந்து எடுக்கிறார். கேட்ட கிலோவுக்கு மேலேயே எடுப்பார். கங்காணி பின்னாலிருந்து கத்துவது கேட்காது. அதற்குப் பெயர் "திமிர்". தண்டனையாகக் கடைசி நிரை. இன்னொருவருக்கு வலது கை விரல்கள் மடங்காது. இரண்டு மூன்று கிலோ குறையும், அரைப்பேர் விழும். வருடக்கணக்காக அரைப்பேர். அந்தக் கிலோக் கணக்கை யாருடைய கையை வைத்துப் போட்டார்கள் என்று துரையிடம் நாம் ஒருநாளும் கேட்டதில்லை. 2021இல் 1000 ரூபாய்க்காகக் கொடி பிடித்தோம். அந்தப் பெண்ணும் நம்மோடு பிடித்தார். அந்த 1000 ரூபாயை முழுசாக அவர் எத்தனை நாள் கண்டிருப்பார்?

துரையை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. சங்கத்தின் சந்தா லிஸ்டை எடுத்துப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஒருவருக்கு முன்னால் "நொண்டி" என்று எழுதியிருக்கிறது. அது என் கையெழுத்து. செக்ரோலில் பேர் இல்லாதவருக்குச் சந்தா இல்லை, சந்தா இல்லாதவருக்குச் சங்கம் இல்லை. லயத்துக்குள்ளேயே கிடப்பவருக்காக யார் பேசுவது?

2012 குடிசன மதிப்பீட்டில், பார்க்க, கேட்க, நடக்க, ஞாபகம் வைக்க, தன் வேலையைத் தானே செய்ய, பேசிப் புரியவைக்கச் சிரமம் உண்டா என்று கேட்டார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 8.7 பேருக்கு ஏதோவொரு சிரமம் இருந்தது. எங்கள் தோட்டத்தில் எத்தனை பேர் என்று தலைவர்மாரைக் கேட்டேன். "இரண்டு, மூன்று பேர் இருப்பாங்க சேர்" என்றார்கள். மற்றவர்கள் எங்கே? கதவுக்குப் பின்னால்.

"முழு ஆளுக்கே சம்பளம் பத்தவில்லை, இதில் இது வேறா?" என்று ஒரு தோழர் கேட்டார். அவருக்குச் சொல்கிறேன்: கூடை சுமந்த முதுகும் மழையில் வழுக்கிய முழங்காலும் நாளைக்கு உங்களையும் அதே கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் உட்காரவைக்கும். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வேலையில் போன விரலுக்கு இத்தனை வீதம், காலுக்கு இத்தனை வீதம் என்று கணக்குப் போட்டுக் காசு கொடுக்கச் சொல்கிறது. வாங்கத்தான் வேண்டும், விடக்கூடாது. ஆனால் அந்தக் காசு யாரையும் திரும்பப் பிரட்டுக்களத்துக்குக் கூட்டிவராது. நாற்றுமேடையில் வேலை இருக்கிறது, பிள்ளைக்காம்பராவில் இருக்கிறது, கொழுந்து நிறுத்து எழுத ஆள் வேண்டியிருக்கிறது. முழுப்பேரோடு அந்த வேலைகளை இவர்களுக்குக் கேட்க நமக்கு என்ன தடை?

படிப்பிலும் வேலையிலும் இயலாமையைக் காட்டிப் பாரபட்சம் செய்யக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. உடம்பின் குறையும் சமூகம் வைக்கும் தடையும் சேரும்போதுதான் இயலாமை உண்டாகிறது என்று சொல்லும் ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. சட்டத்தைப் படித்த நான் என்ன செய்தேன்? எங்கள் லயத்தில் நடக்க முடியாத ஏழு வயதுப் பையன் இருக்கிறான். பாடசாலைக்கு 34 படி. "அடுத்த வருசம் பார்ப்போம்" என்று அவன் தாயிடம் இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறேன். அந்த அம்மாவும் தலையாட்டிவிட்டுக் கொழுந்துக்குப் போகிறார்.

விடுமுறை முடிந்து வந்ததும் லயம் லயமாக வந்து எழுதப்போகிறேன். மறைக்காமல் சொல்லுங்கள். பட்டப்பெயர் வேண்டாம், அம்மா அப்பா வைத்த பெயரைச் சொல்லுங்கள்.

சங்கக் கூட்டத்தை இதுவரை கோயிலுக்கு மேலே, படி ஏறித்தான் வைத்தோம். வரும் மாதம் பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால், மட்டமான இடத்தில் வைக்கிறோம். அந்தப் பையனின் தாயும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பாடசாலைப் படியோரமாகச் சாய்வுப் பாதை வெட்ட ஆள் எடுப்பது அன்றைக்கு முதல் விஷயம். மண்வெட்டி வைத்திருப்பவர்கள் கையோடு கொண்டுவாருங்கள்.