வீடு பெரும்பாக்கத்தில்... பொழப்பு மந்தைவெளியில்!

சென்னை,

கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் கரைகளில் பல வருஷமாக குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்கு அரசு மாடி வீடு கொடுத்து வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வீடு எங்கே இருக்கிறது என்பதில்தான் சிக்கலே.

2000-ம் ஆண்டு முதல் கண்ணகி நகர். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போயின. அங்கே மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். எல்லாமே நகரத்தின் தெற்கு கோடியில்.

இருட்டிலேயே கிளம்பணும்

மந்தைவெளி பக்கம் குடியிருந்து வீட்டு வேலை பார்த்த பெண் நடந்தே போய் வருவார். காலையில் இரண்டு வீடு, மதியம் பிள்ளைக்கு சோறு, சாயங்காலம் இரண்டு வீடு. பெரும்பாக்கம் போன பிறகு? போக சுமார் 20 கிலோ மீட்டர், வர 20 கிலோ மீட்டர். விடியும் முன்பே பஸ் ஸ்டாப்பில் நிக்கணும். பஸ்சை விட்டால் லேட்டு. தினம் லேட்டா வந்தால் வீட்டுக்காரம்மா சும்மா இருப்பாரா? 'நாளையிலிருந்து வேணாம்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

பூக்காரம்மா, மீன்காரம்மா, சித்தாள் எல்லாருக்கும் இதே கதைதான். வாடிக்கை எல்லாம் பழைய ஏரியாவில்.

2021 மே மாதம் சாதாரண கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவச பயணம் வந்தது. அது காசை மிச்சப்படுத்தியது. ரோட்டில் போகும் நேரத்தை யார் திருப்பித் தருவது?

அன்று அதே இடம்

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது நிலைமை வேறு. குடிசை இருந்த இடத்திலேயே, இல்லாவிட்டால் பக்கத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தார்கள். மெரினா ஓரம் நொச்சிக்குப்பம் அதற்கு சாட்சி. பிறகு நகரத்தில் நிலத்தின் மதிப்பு ஏற ஏற, ஏழையின் வீடு தள்ளித் தள்ளிப் போனது. 2021-ல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெயர் மாறினால் தூரம் குறைந்து விடுமா?

உயிர் போன பிறகு

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி வீடுகள் இடிக்கப்பட்டன. அப்போது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகுதான் சட்டசபையில் அரசு இரண்டு அறிவிப்புகளை வெளியிட்டது. அந்த மக்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளி பகுதியிலேயே வீடு தரப்படும். இனி அகற்றுவதற்கு முன்பே மக்களை அழைத்துப் பேசி கருத்து கேட்கப்படும்.

இதைச் சொல்ல ஒரு உயிர் போக வேண்டியிருந்தது.

வேலை எங்கே, பிள்ளை எந்த பள்ளிக்கூடத்தில் படிக்குது, முதல் பஸ் எத்தனை மணிக்கு... இதைக் கேட்க கோடிக்கணக்கில் செலவில்லை. எத்தனை வீடு கட்டினோம் என்று கணக்கு காட்டுபவர்கள், எத்தனை பேர் பொழப்பு பிழைத்தது என்றும் கணக்கு காட்ட வேண்டும். அதுவரை சாவியை மட்டும் கையில் கொடுத்து, 'உனக்கு வீடு கொடுத்தாச்சு' என்று சொல்வது பாதி நியாயம்தான்.