கேட்காமல் விட்ட கேள்வி

அரசியல்வாதிகள் தெரிந்தே பொய் சொல்கிறார்களா, நம்பித்தான் சொல்கிறார்களா? வகுப்பில் பலமுறை எதிர்கொண்ட கேள்வி இது. தெரிந்தேதான் என்பதே நம்மில் பலரின் பதில். சில வேளைகளில் அது சரி. அமெரிக்க அதிபர் கிளிண்டன் 1998 ஜனவரியில் மறுத்ததை ஆகஸ்டில் ஒப்புக்கொண்டார். தம் சொந்த நடத்தையை ஒருவர் அறியாமல் இருக்க முடியாது.

இராக் போரில் விஷயம் அவ்வளவு தெளிவாக இல்லை. 2002 செப்டம்பரில் பிரிட்டனின் டோனி பிளேர் அரசு ஓர் ஆவணம் வெளியிட்டது. இராக்கின் பேரழிவு ஆயுதங்களில் சில, உத்தரவு பிறந்த 45 நிமிடங்களில் தயாராகிவிடும் என்றது அது. சைப்ரஸில் உள்ள பிரிட்டிஷ் தளங்களே இலக்காகலாம் என்று நாளேடுகள் அலறின. மூலத் தகவலோ போர்க்களத்தில் பயன்படும் குறுந்தொலைவு ஆயுதங்களைப் பற்றியது. 2003 மார்ச் 18 அன்று நாடாளுமன்றம் போருக்கு வாக்களித்தபோது இந்த வேறுபாடு தமக்குத் தெரியாது என்று 2004 பிப்ரவரியில் பிளேர் கூறினார். அவருடைய பாதுகாப்பு அமைச்சர் ஜெஃப் ஹூனுக்கு அது தெரிந்திருந்தது.

பிளேர் சொன்னதை நான் நம்புகிறேன். அதனால் அவர் மீதான குற்றம் குறைந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாட்டைப் போருக்கு அழைத்துச் செல்பவர், 'எந்த வகை ஆயுதம்?' என்று பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடம்கூடக் கேட்கவில்லை.

ஏன் என்பதற்குப் பொருளியலில் ஒரு விடை உண்டு. வெங்காய விலை ஏறும் என்று தவறாக நம்பிப் பதுக்கும் வியாபாரி தன் முதலை இழக்கிறார். அதனால் நாலு பேரிடம் விசாரிக்கிறார். ஆட்சியாளரின் நம்பிக்கை பொய்த்தால் விலை கொடுப்பவர்கள் வேறு ஆட்கள். பிரிட்டன் 179 படையினரை இழந்தது. மாண்ட இராக்கியர்களின் எண்ணிக்கை இன்றும் சர்ச்சைக்குரியது. போதாததற்கு, தான் சொல்வதை நம்பிப் பேசுபவரின் குரல் தடுமாறுவதில்லை. கூட்டமும் அந்தக் குரலைத்தான் நம்புகிறது. இவ்வளவு மலிவாகவும் பயனுள்ளதாகவும் கிடைக்கும் நம்பிக்கையை யார்தான் சோதித்துப் பார்ப்பார்?

இதை எழுதும்போது என் முனைவர் பட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. என் முடிவுக்கு எதிராக வந்த கணக்கை மும்முறை சரிபார்த்தேன். சாதகமாக வந்ததை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அன்று நான் பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது. நல்லவேளையாக, அதை நம்பி எவரும் படை அனுப்பவில்லை.

சரிபார்க்க வழியே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. அதே அமைச்சரவையில் இருந்து, உளவுத்துறையிடம் விளக்கம் பெற்ற ராபின் குக், வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் பதவி விலகினார். வழக்கமான பொருளில் பேரழிவு ஆயுதங்கள் இராக்கிடம் அநேகமாக இல்லை என்று அவையிலேயே கூறினார். எனவே, பிளேர் நம்பினாரா என்பதைவிட, நம்புமுன் யாரிடம், என்ன கேட்டார் என்பதையே நாம் விசாரிக்க வேண்டும். மனத்துக்குள் புகுந்து பார்க்க முடியாது. கூட்டக் குறிப்புகளைப் படிக்க முடியும்.

சில்காட் விசாரணைக் குழு அதைத்தான் செய்தது. ஆயுத அச்சுறுத்தல் நியாயமற்ற உறுதியுடன் முன்வைக்கப்பட்டது என்று 2016 ஜூலையில் அறிவித்தது. அன்றே செய்தியாளர்களைச் சந்தித்த பிளேர், குரல் தழுதழுக்க வருத்தம் தெரிவித்தார். தாம் பொய் சொல்லவில்லை என்றார். அதே நிலையில் மீண்டும் நின்றால் அதே முடிவைத்தான் எடுப்பேன் என்றும் சொன்னார்.