கணக்கில் இல்லாதவர்க்குக் கணக்கெழுதுவது யார்?

கடைசிப் பேருந்தும் போய்விட்ட பின்னிரவில் குன்னத்தூர்ப் பேருந்து நிலையத்திற்குச் சென்று பாருங்கள். துண்டை விரித்துப் படுத்திருக்கும் ஒருவரையேனும் காண்பீர்கள். பகலெல்லாம் பனியன் கம்பெனியில் கைமடித்தவராக இருக்கலாம். பிசிறு வெட்டியவராக இருக்கலாம். மூட்டை சுமந்தவராக இருக்கலாம். கடல் கடந்த நாட்டார் உடுத்தும் உடையிலே அவருடைய கைவண்ணம் இருக்கிறது. அவருடைய முதுகிற்குக் கிடைத்ததோ சிமெண்டுத் தரை! கண்ணுக்குத் தெரிகிற இந்த மனிதர், அரசாங்கக் கணக்கிலே தெரிகிறாரா? அதுதான் இன்று நம் முன் நிற்கும் கேள்வி.

கணக்கென்ன பெரிய செய்தியா என்று கேட்பவர்கள் 2020-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். ஊரடங்கு அறிவிக்கப்பட்டது; ஆலைகள் மூடப்பட்டன; கூலியும் கூரையும் இழந்தவர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். வழியிலே மாண்டவர் எத்தனை பேர் என்று அவ்வாண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்டது. அத்தகைய புள்ளிவிவரம் இல்லை என்பதே ஒன்றிய அரசு தந்த விடை. எண்ணிக்கை இல்லை, ஆகவே இழப்பீடு என்ற பேச்சும் இல்லை! கணக்கில்லை என்பது வெறும் மறதியன்று, தோழர்களே. அதுவும் ஓர் அரசியல்தான்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு வீடற்றோரை எண்ணினார்கள். நாடு முழுவதும் 17 இலட்சத்து 73 ஆயிரம் பேர் என்றார்கள். அவர்களில் நகர்ப்புறத்தார் 9 இலட்சத்து 38 ஆயிரம். ஒரே இரவில் எடுத்த கணக்கு அது. அன்றிரவு வேலைக்குப் போயிருந்தவர் எங்கே? அஞ்சி ஒளிந்தவர் எங்கே? 2021-இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்போ நடக்கவே இல்லை. 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக வைத்து, கைப்பேசிச் செயலி வழியே நடத்தப்படும் என்று 2025 ஜூனில் அறிவிக்கை வந்தது. அமைப்புசாராத் தொழிலாளர்க்கு 2021 ஆகஸ்டில் இ-ஷ்ரம் தளம் திறக்கப்பட்டது. பேரேடு போய்க் கணினி வருகிற காலம் இது. இரவுத் தங்குமிடங்களின் பதிவேடும் அவ்வழியே செல்லத்தான் போகிறது. செல்லட்டும், நாம் எந்திரத்தை எதிர்ப்பவர்கள் அல்லர். ஆனால் அந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது யார்? அதிலே எதை எழுதுவது, எவர் படிப்பது என்று முடிவு செய்வது யார்?

"இதற்குக்கூடவா ஊரைக் கூட்டுவது? நிபுணர் அறிவார்" என்பார் சிலர். திருப்பூர் வட்டாரத்தாரிடம் இந்த வாதம் செல்லாது. கைதேர்ந்த கட்டிங் மாஸ்டரே ஆனாலும், அளவெடுக்காமல் துணியை வெட்டினால் சட்டை யாருக்குப் பொருந்தும்? வெட்டுவது நிபுணர் வேலை; அளவு மட்டும் உடுத்துகிறவரின் உடம்பிலிருந்துதான் வரவேண்டும்.

அளவு தவறினால் என்ன நேரும்? "நிரந்தர முகவரி" என்று ஒரு கட்டம்; அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடில்லாதவரிடம் வீட்டு இலக்கம் கேட்கிற எந்திரம்! "கணவர் பெயர்" என்று இன்னொரு கட்டம். அந்தக் கணவனுடைய அடிக்கு அஞ்சித்தான் அந்தப் பெண் ஓடிவந்திருக்கிறாள். அமெரிக்காவில் வீடற்றோர் பதிவு முறைக்கு 2004-இல் நாடு தழுவிய விதிகள் வந்தன. குடும்ப வன்முறைக்குத் தப்பி வந்தவர்களின் காப்பகங்கள், அவர்களுடைய விவரங்களை அந்தப் பொதுப் பதிவில் ஏற்றலாகாது என்று பின்னர் அந்நாட்டுச் சட்டமே தடுத்தது. துரத்தி வருபவன் கையில் முகவரி சிக்கிவிடும் என்பதை அந்தப் பெண்களோடு இருந்து பணியாற்றியவர்கள் அறிந்திருந்தார்கள், வாதாடினார்கள், வென்றார்கள்.

நம் வட்டாரத்துக்கும் அந்த அச்சம் புதிதன்று. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. உழைக்க வந்த மக்கள் நடுங்கினார்கள். யார் எந்த ஊரினர், எங்கே உறங்குகிறார் என்ற பட்டியல், அத்தகைய நாளில் வம்பர் கையில் சிக்கினால் என்னாகும்? அதே பட்டியல் நல்லவர் கையில் இருந்தால் குடும்ப அட்டைக்கு உதவும், மருத்துவத்திற்கு உதவும், பிடித்துவைத்த கூலியை மீட்க உதவும். கேடயமும் அதுவே, தடியும் அதுவே. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் தீர்ப்பளித்தார்கள். கதவுள்ள வீட்டாருக்கு மட்டுந்தான் அந்த உரிமை என்று அவர்கள் சொல்லவில்லையே!

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் 2010-இல் இரவுத் தங்குமிடங்களுக்காக ஆணைகள் பிறப்பித்தது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஓர் இலட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் இடம் என்று அளவு வகுத்தது. குன்னத்தூர் பேரூராட்சி, இங்கே இலட்சம் பேருக்கு எங்கே போவது? விதியின் கண்ணுக்குத் தெரியாத ஊர், விதியைப் பார்த்து எழுதப்படும் மென்பொருளிலும் தெரியாது. மாநகரம் மட்டுமே பட்டியலில் இருக்கும். சிற்றூரில் சுருண்டு கிடப்பவர் அங்கும் விடுபடுவார்.

ஆகவே நாம் கேட்பவை இவை. விலைப்புள்ளி கோருமுன், கட்டங்கள் ஒவ்வொன்றும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் தங்குமிடங்களில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். தங்குவோரும் அங்கே பணிபுரிவோரும் தொழிற்சங்கத்தாரும் தேர்வுக் குழுவில் வாக்குரிமையோடு அமர வேண்டும். ஆதார் இல்லை, கட்டம் நிரம்பவில்லை என்று எவருக்கும் படுக்கை மறுக்கப்படக் கூடாது. நீதிமன்ற ஆணையின்றிக் காவல்துறை அந்தப் பதிவைத் திறக்கக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தால் பதிவு முழுவதையும் நிறுவனம் அரசிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும். பேரூராட்சிகளும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

கேட்டால் கொடுத்துவிடுவார்களா? மாட்டார்கள். அதனால்தான் இது நம் வேலை. இந்த வாரம் ஓர் இரவு பேருந்து நிலையத்திற்குச் செல்லுங்கள். படுத்திருப்பவரின் பெயரைக் கேட்குமுன் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். எதைச் சொல்ல அவர் அஞ்சுகிறார், எது கிடைத்தால் மகிழ்வார் என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானமாக்கிப் பேரூராட்சி மன்றத்திற்குக் கொண்டு செல்லுங்கள். அவரைப் பற்றிய கணக்கு அவரையும் உட்காரவைத்து எழுதப்படட்டும்!