ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு மூன்று பீப்பாய் நீராவி: கட்டுப்படியாகுமா?

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிடும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இதே வேலைதான் நிலத்துக்கு அடியில், பெரிய அளவில் நடக்கிறது.

அங்கே மணலோடு ஒட்டிக் கிடப்பது பிட்டுமென். கிட்டத்தட்ட ரோடு போடும் தார் மாதிரி. சும்மா பம்ப் போட்டால் அசையாது. மேலாக இருப்பதை வெட்டி அள்ளலாம். ஆனால் ஐந்தில் நான்கு பங்கு ஆழத்தில் இருக்கே! அதற்குத்தான் நீராவி.

இந்த வித்தையில் ஒரு பாதி தற்செயலாகக் கிடைத்தது. 1959இல் வெனிசுலாவின் மெனே கிராண்டேயில் ஷெல் நிறுவனம் நீராவி செலுத்திப் பார்த்தபோது, அது தரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. அழுத்தத்தைக் குறைக்க, நீராவி போன கிணற்றையே திறந்துவிட்டார்கள். அதிலிருந்து எண்ணெய் கொட்டியது!

ஆல்பர்ட்டாவில் இப்போது பரவலாக இருப்பது, இம்பீரியல் ஆயில் பொறியாளர் ரோஜர் பட்லர் 1970களில் யோசித்த முறை. ஒன்றின் மேல் ஒன்றாக, சுமார் 5 மீட்டர் இடைவெளியில், இரண்டு கிடைமட்டக் கிணறுகள். மேல் கிணற்றில் நீராவி போகும். இளகிய பிட்டுமென் தன் எடையாலேயே கீழ்க் கிணற்றுக்கு வடியும். அங்கிருந்து மேலே ஏற்ற வேண்டியதுதான்.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சுமார் மூன்று பீப்பாய் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். தண்ணீரில் பெரும்பகுதியைப் பிரித்து மறுபடி பயன்படுத்திடலாம். எரித்த இயற்கை எரிவாயு திரும்பாது. அதன் கார்பன் காற்றில்தான் சேரும். ஒரு எரிபொருளைக் கொளுத்தி இன்னொன்றை எடுக்கிற கதை இது. கச்சா விலை சரிந்தால், இந்த விகிதம் அதிகமுள்ள திட்டங்களுக்குத்தான் முதல் அடி விழும்.

நீராவியோடு கரைப்பான் கலந்து விகிதத்தைக் குறைக்கும் முயற்சி நடக்கிறது. ஓமனின் அமல் வயலில் சூரிய வெப்பத்திலேயே நீராவி தயாரிக்க ஆரம்பித்தார்கள். ராத்திரிக்கு எரிவாயுதான் கை கொடுக்கணும்.

ராஜஸ்தானின் பாகேவாலாவில் ஆயில் இந்தியா நிறுவனமும் நீராவி செலுத்தித்தான் கனமான எண்ணெய் எடுக்கிறது. அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. உற்பத்தி எவ்வளவு கூடியது என்பதோடு, ஒவ்வொரு பீப்பாய்க்கும் எவ்வளவு நீராவி செலவானது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.